யேசு வந்தால் மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள்?

போன மாதம் ஒரு நண்பன் வீட்டில் ஐந்து பேர் இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐவருக்கும் புறோக் றொக் பைத்தியம். இருபது நிமிடப் பாட்டு, நடுவில் நாலு முறை மாறும் தாளம், கீபோர்ட்டும் கிற்றாரும் சண்டை பிடிப்பது, இதெல்லாம் எங்களுக்குச் சோறு மாதிரி. தமிழ் நான் ஒருத்திதான்.

முதலில் யெஸ் குழுவின் 'ரேல்ஸ் ஃப்றம் ரொப்போகிறாஃபிக் ஓஷன்ஸ்' ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அடுத்தது என் முறை. நீல் மோர்ஸின் 'ரெஸ்ற்றிமனி'யைப் போட்டேன். பாட்டில் கடவுள் தலைகாட்டியதும் ஒருவன் எழுந்து போய் நிறுத்திவிட்டான். இசை நல்லதுதான், ஆனால் பிரசங்கம் கேட்க வரவில்லை என்றான். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் கிறிஸ்தவளும் இல்லை, கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவளும் இல்லை. பிறகு ஏன் கோபம்? சொல்கிறேன்.

அவர்கள் கண்ணை மூடிக் கேட்ட அந்த 1973 ஆம் ஆண்டு இரட்டை அல்பம் எப்படிப் பிறந்தது என்று தெரியுமா? யெஸ் பாடகர் ஜோன் அன்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை'யை வாசித்தார். அதில் ஓர் அடிக்குறிப்பு: சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நாலு வகைச் சாஸ்திரங்கள் பற்றி. அந்த நாலையும் வைத்து நாலு பாட்டு, இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் எண்பது நிமிடம். சமயப் பாட்டு என்றால் இதைவிடச் சமயப் பாட்டு எது? அதை யாரும் பிரசங்கம் என்று நிறுத்துவதில்லை. 'ஆன்மீகம்' என்கிறார்கள், 'மர்மம்' என்கிறார்கள். கீபோர்ட் வாசித்த றிக் வேக்மனுக்கு அந்த அல்பம் பிடிக்கவில்லை. சலிப்பில் மேடையிலேயே கறி வரவழைத்துச் சாப்பிட்ட கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். (சாஸ்திரத்தைப் பாடுகிற மேடையில் கறி. என் அம்மம்மா கேட்டிருக்க வேண்டும்.)

ஆக, என் நண்பர்களுக்குப் பிரச்சினை சமயம் இல்லை. தங்கள் ஊர்ச் சமயம். யேசு என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி, திட்டும் தாத்தா, தொலைக்காட்சியில் காசு கேட்கும் போதகர் எல்லாம் சேர்ந்து வருகிறது. சாஸ்திரம் என்றால் ஊதுபத்தி வாசனை மட்டும். எங்கள் வீட்டுச் சாமி அறை அவர்களுக்கு அலங்காரம். அதை யாரும் உண்மையிலேயே நம்பக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நம்பாத பொருளுக்குத்தான் யாரும் பயப்படுவதில்லை. எனக்குச் சுட்டது அந்த இடம். நீல் மோர்ஸை நிறுத்தியபோது குறைந்தபட்சம் அவர் சொல்வதைப் பொருளுள்ள பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். யெஸ் பாடிய சாஸ்திரத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜெத்றோ ரல் 1971 இல் வெளியிட்ட 'அக்வாலங்' அல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்கத் திருச்சபைக்குப் பூசைதான். அதுவும் பிரசங்கம், மற்றப் பக்கத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். அதற்கு எழுந்து நின்று கைதட்டுகிறவர்கள், பாட்டில் கருத்துத் திணிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்ல வரவேண்டாம்.

ஆனாலும் ரசிகர்களின் சங்கடம் முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். நீல் மோர்ஸின் கதையைப் பாருங்கள். ஸ்பொக்ஸ் பியர்ட் குழுவின் பாடகர், கீபோர்ட், கிற்றார், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவரே. 2002 இல் 'ஸ்னோ' என்ற இரட்டை அல்பம் வந்த கையோடு, கடவுள் வழிக்குப் போகிறேன் என்று குழுவைவிட்டு விலகினார். மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? டிறம்ஸ் அடித்த நிக் டிவெர்ஜிலியோ பாடகரானார். குழு தப்பிப் பிழைத்தது. ரசிகருக்கு அது வீடு இரண்டாவது போல இருந்திருக்கும். அதற்கு முன்பே கன்சாஸ் குழுவிலும் இதுதான் நடந்தது. 'டஸ்ற் இன் த வின்ட்' எழுதிய கெரி லிவ்கிறென் 1979 இல் கிறிஸ்தவரானார், பாட்டு வரிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன, அவற்றைப் பாட வேண்டிய ஸ்ரீவ் வோல்ஷ் 1981 இல் வெளியேறினார். நம்பாததை மேடையில் தினமும் பாடு என்றால் யாருக்கும் தொண்டை அடைக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்கு இது புத்தகக் கதையும் இல்லை. என் மாமா ஒருவர் இங்கே வந்தபின் ஒரு சபையில் சேர்ந்தார். அக்காவின் கலியாணம் கோயில் மண்டபத்தில் என்றதால் வரவில்லை. அம்மம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தார், விளக்கைத் தொடவில்லை, வாசலோடு நின்றார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவார். உங்களில் பலருக்கும் இப்படி ஒரு மாமாவோ சித்தியோ இருப்பார்கள். அதனால் 'ரெஸ்ற்றிமனி'யை முதன்முதல் கேட்டபோது எனக்குள்ளும் ஒரு கதவு படார் என்று மூடியது. மூன்றாம் முறைதான் கேட்க முடிந்தது.

கேட்டபோது ஒன்று விளங்கியது. அந்த அல்பத்தில் அவர் தன் கதையைச் சொல்கிறார்: எங்கே விழுந்தேன், யார் தூக்கினார்கள். 2011 இல் வந்த இரண்டாம் பாகத்தில் தன் மகளின் இதயத்தில் ஓட்டை இருந்ததையும், அது சுகமானதையும் பாடுகிறார். அது பிரார்த்தனையால் நடந்ததென்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு தகப்பன் நடுங்குவதை நம்பாமல் இருக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. 2007 இல் வந்த 'சோலா ஸ்கிறிப்ற்சுரா' வேறு. மார்ட்டின் லூதரை வைத்து ரோமச் சபையை விளாசுகிறது. முதல் பாட்டே அரை மணி நேரம், இசை பிரமாதம், மைக் போர்ட்னோயின் டிறம்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அங்கே 'நான்' குறைந்து 'அவர்கள்' கூடிவிடுகிறது. கத்தோலிக்கப் பிள்ளை ஒன்று அதைக் கேட்டு முகம் சுழித்தால் நான் அதன் பக்கம்தான் நிற்பேன்.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க எங்களுக்குக் காது இருக்கிறது என்பதுதான் என் வாதம். என் அம்மாவின் காரில் ரி.எம்.எஸ். முருகனைப் பாடுவார், அடுத்த பாட்டில் நாகூர் ஹனிபா அல்லாவிடம் கேட்பார். அம்மா மதம் மாறவும் இல்லை, பாட்டை மாற்றவும் இல்லை. மாணிக்கவாசகரின் திருவாசகத்தை 1900 இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஜி.யு. போப் என்ற கிறிஸ்தவ மிசனரி. அதே திருவாசகத்துக்கு இளையராஜா 2005 இல் புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழுவோடு இசையமைத்தபோது, அதை முன்னின்று நடத்தியவர் ஜெகத் கஸ்பர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். சிவனே சரணம் என்று உருகும் பாட்டை வெளிக்கொண்டுவர அவர் சிவனைக் கும்பிட வேண்டியிருக்கவில்லை. புறோக் பிடித்தவர்கள் அதை ஒருமுறை கேளுங்கள். கிற்றார் தனியாவர்த்தனம் இல்லையே என்று தேடமாட்டீர்கள்.

ஆகவே நண்பர்களே, பிடிக்கவில்லை என்றால் நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. 'சமயம் பாட்டுக்கு ஆகாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தச் சமயம் எனக்கு வலிக்கிறது என்று சொல்லுங்கள், அதை நான் மதிப்பேன். எங்கள் சாஸ்திரத்தைக் கேட்டுக் கண்ணை மூடும்போது, அதையும் யாரோ நம்புகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இதை எழுத முன் 'ரெஸ்ற்றிமனி'யின் இணைப்பை மாமாவுக்கு அனுப்பினேன். ஆறு வருடத்தில் நான் அனுப்பிய முதல் செய்தி. மறுநாள் பதில் வந்தது. வரிகள் நல்லதாம். ஆனால் இந்த டிறம்ஸ் சத்தம் சாத்தானுடையதாம், பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டாராம்.