ஏறிய கட்டணமும் ஏறாத கூலியும்

எஹலியகொடப் பகுதியிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயன் வாசலில் அண்மையில் ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய கைத்தொலைபேசி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "வன்னியிலிருந்து தம்பி, சாமி. ஒரு தடவை அடிச்சா எல்லாரும் சுகமா இருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டு தடவை அடிச்சாத்தான் நான் பேசணும்" என்றார்.

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்குச் சென்று, காடு வெட்டிக் கமம் செய்து, பின்னர் போரினால் அங்கிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த மணியோசையின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. பேசக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த மொழி அது.

'கூலிக்காரருக்கும் கைத்தொலைபேசியா?' என்று கேட்போர் இன்னமும் இருக்கிறார்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வந்தது இந்தக் கருவி வழியாகத்தான். வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் குரல் வருவதும் இதன் வழியாகவே. 2016இல் அரநாயக்கவிலும், 2017இல் இரத்தினபுரி மாவட்டத்திலும், 2025 நவம்பரில் 'டித்வா' புயலின்போது நாட்டின் பல பகுதிகளிலும் மண் சரிந்ததைப் பார்த்தோம். மலையடிவாரத்தில் வாழ்பவருக்கு நேரத்தோடு கிடைக்கும் ஓர் எச்சரிக்கை உயிருக்குச் சமம். ஆகவே இது ஆடம்பரமல்ல. கிணற்றையும் பாதையையும் போன்ற தேவை.

இத்தேவையின் விலை எப்படி ஏறியது? 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதம் உயர்த்தத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அனுமதி வழங்கியது. அவ்வாண்டு நடுப்பகுதிவரை 8 வீதமாக இருந்த வற் வரி ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. ஏனைய வரிகளை விட்டுவிட்டு இதை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். 100 ரூபா பெறுமதியான சேவைக்கு முன்பு வரியோடு 108 ரூபா கொடுத்தோம். கட்டணம் 120 ஆகி, அதன்மீது 18 வீத வரியும் சேர்ந்தால் 141 ரூபா 60 சதம். மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவான உயர்வு.

கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இருந்ததை மறைக்கக் கூடாது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. கருவிகள் டொலரில் வாங்கப்படுபவை. மணிக்கணக்கான மின்வெட்டின்போது கோபுரங்களை இயக்க டீசலும் தேவைப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். செலவு ஏறினால் விலை ஏறும் என்கிறார்கள். சரி, ஏற்றுக்கொள்வோம்.

ஆனால் அதே நியாயம் தோட்டத் தொழிலாளிக்கு ஏன் பொருந்தவில்லை? 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. இடையில் மூன்றரை ஆண்டுகள். அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் கண்முன்னே ஏறின. கூலி நின்ற இடத்திலேயே நின்றது. அதுவும் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாத நாளில் முழுச் சம்பளமும் இல்லை என்ற நிலையில்! கம்பனியின் செலவு ஏறினால் அதை மற்றவர் தலையில் இறக்கி வைக்க வழியுண்டு. தொழிலாளி தன் சுமையை யார் தலையில் இறக்கி வைப்பது?

இந்தக் கேள்வி எமது நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரித்தானியாவில் பல தொலைபேசிக் கம்பனிகள், ஒவ்வோர் ஆண்டும் பணவீக்க வீதத்தோடு மேலும் 3.9 வீதம் சேர்த்துக் கட்டணம் உயரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தன. 2022 டிசம்பரில் அங்கு பணவீக்கம் 10.5 வீதமாக இருந்ததால், 2023இல் பலருக்கு 14.4 வீதம் ஏறியது. கையொப்பமிட்ட நாளில் அது எத்தனை பவுண் ஆகும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பணவீக்கம் பூச்சியமானாலும் அந்த 3.9 ஏறியே தீரும். இது நியாயமல்ல என்று கண்ட 'ஒவ்கொம்' என்னும் ஒழுங்குபடுத்தும் நிறுவனம், 2025 ஜனவரி 17 முதல் புதிய ஒப்பந்தங்களில் அந்த முறையைத் தடைசெய்தது. கட்டணம் உயருமென்றால் எவ்வளவு, எப்போது என்பதைப் பவுண், பென்ஸ் கணக்கில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எம்மவரில் பெரும்பாலானோர் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் ரீலோட் போடுபவர்கள். எமக்கும் அந்த வெளிப்படைத்தன்மை வேண்டாமா? தெரிவும் சுருங்கிவிட்டது. ஒருகாலத்தில் இங்கு ஐந்து கைத்தொலைபேசிக் கம்பனிகள் இருந்தன. 2018இல் எட்டிசலாட் ஹட்சோடும், 2024இல் எயார்டெல் டயலொக்கோடும் இணைந்தபின் எஞ்சியவை மூன்று. கடை குறைந்த சந்தையில் வாங்குபவரின் பேரம் எடுபடாது. அங்கே ஒழுங்குபடுத்துவோரின் பொறுப்புக் கூடுகிறது.

மூன்று காரியங்களை நாம் கேட்க வேண்டும். முதலாவது, கட்டணம் மாறுமுன் வரியெல்லாம் சேர்த்து எத்தனை ரூபா என்று தமிழிலும் தெளிவாக அறிவிக்க வேண்டும். காசு மாறாமல் நாட்களோ டேட்டாவோ குறைந்தாலும் அதுவும் விலையேற்றமே. இரண்டாவது, அவசரத்துக்குப் பேசவும் பிள்ளை படிக்கவும் போதுமான ஓர் அடிப்படைப் பொதியை இத்தகைய உயர்வுகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். மூன்றாவது, முக்கியமானது: விலைகளுக்குப் பணவீக்கம் அளவுகோலாகுமென்றால் கூலிக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை போராடிப் பெறும் சலுகையாக அது இருக்கக் கூடாது.

இவற்றைத் தனியாள் கேட்டால் காற்றோடு போகும். எமது மாதர் சங்கங்களிலும் கமக்காரர் அமைப்புகளிலும் ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வீடு ரீலோட் கணக்கை எழுதி வையுங்கள். எழுதிய கணக்கோடு ஆணைக்குழுவுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கடிதம் அனுப்புவோம்.

அன்று நான் விடைபெற எழுந்தபோது தொலைபேசி மறுபடி அடித்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினார் அந்தத் தாய். எடுத்து, "சீக்கிரம் சொல்லு தம்பி, காசு போகுது" என்றார். உடன்பிறந்தவனிடம் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தையா அது?