ஆட்டோ கட்டணக் கோப்பைக் கிடப்பில் போட்டிருக்கும் ஐயா அவர்களுக்கு

சென்னை, ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. நாளைக்கு நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அந்த நாற்காலிக்கு வருகிறவர் இதைப் படிக்க வேண்டும். சென்னை ஆட்டோ கட்டணக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறதோ, அந்த மேசைக்குத்தான் இந்த மடல்.

முதலில் முறைப்படி மனுவாகத்தான் எழுதினேன். ஒப்புகைச் சீட்டு வந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. சில மாதம் கழித்து இன்னொன்று: 'மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.' என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'கோப்பு நடப்பில் உள்ளது' என்றார்கள். முடித்து வைத்த மனுவின் கோப்பு எப்படி ஐயா நடப்பில் இருக்கும்? அதற்கும் ஒரு மனுப் போட எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

சட்டப்பிரிவு, விதி, அரசாணை எண் எதையும் எடுத்துச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஒரு காலைப் பொழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

என் மாமாவும் அத்தையும் புளியங்குடிக்காரர்கள். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் காட்டச் சொல்லி ஊர் டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். இருவரும் சங்கரன்கோவிலில் பொதிகை ரயில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கினார்கள். எனக்கு அம்பத்தூரில் ராத்திரி ஷிப்ட். முடித்துவிட்டு நேராக மருத்துவமனை வாசலில் வந்து நிற்பதாக ஏற்பாடு.

பஸ்ஸில் போயிருக்கலாமே, மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். சாதாரணப் பேருந்தில் அத்தைக்கு டிக்கெட்டே கிடையாது, நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் எந்த எண் வண்டி, சாலைக்கு எந்தப் பக்கம் நின்றால் வரும் என்பது அன்றாடம் அதில் போய் வருகிறவனுக்குத்தான் தெரியும். மெட்ரோ என்றால் எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கித் தடம் மாறி, ஆயிரம் விளக்கில் போய் இறங்க வேண்டும். கட்டுப் போட்ட காலோடும் பைகளோடும் அவ்வளவு தூரம் இறங்கி ஏறிப் போனாலும், அங்கிருந்து மருத்துவமனைக்கு மறுபடி ஆட்டோதான். ஊருக்குப் புதிதாய் வருகிற வயசாளிக்கு இந்த நகரத்தில் ஆட்டோவை விட்டால் நாதியில்லை என்பதை நீங்கள் ஒரு நாளாவது ரயிலில் வந்து இறங்கியிருந்தால் அறிந்திருப்பீர்கள்.

"ராயப்பேட்டைக்கு வருவியளா?" என்று அத்தை கேட்டிருக்கிறார். டிரைவர் கேட்ட தொகை நானூற்று ஐம்பது. பேசிப் பேசி முந்நூற்று ஐம்பதுக்கு வந்தது. வழியில் பெட்ரோல் பங்கில் வண்டி நின்றது. "ஒரு எரநூறு குடும்மா, இறங்கறப்போ கழிச்சுக்கலாம்." அத்தை சுருக்குப் பையை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் லக்கேஜுக்கு என்று ஐம்பது. லக்கேஜ் என்பது துணிப்பை ஒன்று, ஸ்கேன் படங்கள் வைத்த பை ஒன்று, எனக்காகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழம் கொஞ்சம். ஆக நானூறு ரூபாய்.

தூரம் நான்கு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கணக்குப் போட்டால் 52 ரூபாய்கூட வராது. சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். இரவு முழுக்கப் படுத்துக்கொண்டு வர ஓர் ஆளுக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. அதுவும் மூத்த குடிமக்களுக்கு ரயில்வே கொடுத்துவந்த சலுகை 2020இல் பறிபோன பிறகு. அது உங்கள் துறை இல்லை என்பதால் அந்தக் கோபத்தை இங்கே இறக்கவில்லை.

வண்டி நிற்கும்போது நான் வாசலில்தான் இருந்தேன். மாமாவைக் கைத்தாங்கலாய் இறக்கி உட்கார வைத்துவிட்டு டிரைவரிடம் போனேன். வண்டிக்குள் மீட்டர் இருந்தது ஐயா. உங்கள் மன நிம்மதிக்காகச் சொல்கிறேன், மீட்டர் இல்லாமலில்லை. எண்கள் எரியவில்லை, அவ்வளவுதான். அதன்மேல் செல்போன் மாட்டும் கவ்வியைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு முழம் மல்லிகைப்பூச் சுற்றியிருந்தார். சீட்டுக்குப் பின்னால் கட்டண அட்டை ஒட்டியிருந்தது. வெயிலில் வெளுத்து '25' என்ற எண் மட்டும் பாதி தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

"மீட்டர் போட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"மீட்டரா?" அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பாவம் இவன் என்கிற மாதிரிச் சிரிப்பு. "மீட்டர் போட்டா அம்பது ரூபா வரும் சார். பதிமூணாம் வருசத்து ரேட்டு. டீ பதினஞ்சு ரூபா விக்குது. பெட்ரோல் நூறத் தாண்டிப் போச்சு. வண்டி என்துகூடக் கெடையாது, நாள் வாடக. அம்பது ரூபாய்க்கு நீ ஓட்டுவியா?"

நான் வாயடைத்து நின்றேன். அதற்குள் அத்தை, "ஏலே, விடுல. ஆசுபத்திரி வாசல்ல நின்னு சண்ட போடாத" என்று கையைப் பிடித்து இழுத்தார். டிரைவர் போய்விட்டார்.

அவர் செய்தது வழிப்பறிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்பது ரூபாய் கட்டாது என்பதற்காக நானூறு வாங்கலாம் என்று எந்த நியாயமும் சொல்லாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. நீங்கள்.

2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் எண்பதைத் தொடவில்லை. அந்தக் கட்டணம் வந்த புதிதில் ஆட்டோக்கள் மீட்டர் போட்டு ஓடின என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் கேட்காமலே மீட்டரைத் தட்டிவிட்டார்கள். அச்சடித்த ரசீதோடு ஜி.பி.எஸ். மீட்டர், எல்லா ஆட்டோவுக்கும் அரசே இலவசமாகத் தரும் என்று அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். அந்த மீட்டர் எந்த ஆட்டோவில் ஓடுகிறது என்று எனக்குக் காட்டுங்கள். ஒரு சவாரி போய்விட்டு வருகிறேன்.

பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஆட்சி மாறியது, பெட்ரோல் நூறைத் தாண்டியது, நடுவில் ஒரு பெருந்தொற்றே வந்து போனது. 25 ரூபாய் மட்டும் அப்படியே இருக்கிறது. எரிபொருள் விலைக்கு ஏற்பக் கட்டணத்தைத் திருத்துவது பற்றி 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். காபி நன்றாக இருந்திருக்கும். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து 1.8 கிலோமீட்டருக்கு 50, அதற்கு மேல் 18 என்று ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே அறிவித்துக்கொண்டன. உடனே நீங்கள் விழித்துக்கொண்டு, தன்னிச்சையாக உயர்த்தினால் நடவடிக்கை என்று எச்சரித்தீர்கள். பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கட்டணத்தின் பெயரால் அரசு சுறுசுறுப்பாகச் செய்த காரியம் அந்த எச்சரிக்கை ஒன்றுதான். அதுவும் காகிதத்தோடு சரி.

பம்பாயில் ஏறி இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஆட்டோ குறைந்தபட்சக் கட்டணம் 2021இல் 21 ரூபாய், 2022இல் 23, 2025 பிப்ரவரியில் 26. கட்டுவா கமிட்டி வகுத்துக் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. எரிபொருள், விலைவாசி, வண்டி விலை எல்லாவற்றையும் போட்டால் தொகை வந்து நிற்கும். இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று ஏறுவதால் பயணிக்கும் வலிக்கவில்லை, ஓட்டுநருக்கும் மீட்டரை அணைத்துவைக்கக் காரணமில்லை. மொழி தெரியாமல் அங்கே போய் இறங்குகிற நம்மூர்க்காரர்கூட மீட்டரைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு வருகிறார். பம்பாய் வேண்டாம், எங்கள் மாமா ஊரிலிருந்து கொஞ்ச நேரம் பஸ்ஸில் போனால் புளியரை, அதைத் தாண்டினால் கேரளா. அங்கே 2018இல் ஒருமுறை திருத்தினார்கள், 2022 மே மாதம் 30 ரூபாய் ஆக்கினார்கள். அவர்களுக்கு வருவது உங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

விலைவாசி ஏறுவது உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்ததைத் தவிர, ஜனவரி ஒருமுறை ஜூலை ஒருமுறை என்று அகவிலைப்படி தவறாமல் உயர்கிறதே. அந்தக் கோப்பு எப்போதாவது பரிசீலனையிலேயே கிடந்ததுண்டா? அதுவும் விலைவாசியைக் கணக்கிட்டுத்தான் உயர்கிறது. உங்கள் வீட்டு அரிசிக்கு ஏறும் விலை ஆட்டோக்காரர் வீட்டு அரிசிக்கு ஏறாதா?

இப்போது சென்னைக்காரர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வாசலில் நின்றபடியே என் கைப்பேசியில் ஆட்டோ செயலியைத் திறந்து எழும்பூர் – ராயப்பேட்டை என்று போட்டுப் பார்த்தேன், நூற்றுச் சொச்சம் காட்டியது. அதிலும் வண்டி வந்ததும் மேலே முப்பது போட்டுக் கொடுங்கள் என்பார்கள். கொடுத்துவிட்டுப் போவோம். நானூறை விட அது எவ்வளவோ மேல். செயலி வைத்திருப்பவனுக்குத் தனியார் நிறுவனம் ஒரு கட்டணம் வைத்துக் கொடுத்திருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவருக்குக் கட்டணம் வைத்துக் கொடுக்க வேண்டியது அரசு. அரசு கைகழுவிவிட்டதால், அவருடைய வேட்டியையும் மஞ்சள் பையையும் தென்மாவட்டப் பேச்சையும் பார்த்து அங்கேயே கட்டணம் நிர்ணயமாகிறது. வந்தவர் எவ்வளவு ஏழையோ, எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறாரோ, அவ்வளவுக்குத் தொகை கூடுகிறது. நோயாளியாக இருந்தால் இன்னும் வசதி.

இதில் நேர்மையான ஓட்டுநர்தான் முதலில் செத்தார். மீட்டர் போட்டு ஓட்டினால் வாடகை கட்ட முடியாது. நியாயமாக நூற்று இருபது கேட்கலாம் என்று நினைத்தாலும் அதுவும் சட்டப்படி குற்றம், நானூறு கேட்பதும் குற்றம். இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்குக் குறைத்துக் கேட்பார்? வாங்குகிற கூலியை வைத்து யோக்கியனையும் அயோக்கியனையும் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். நடவடிக்கை எடுக்கவும் உங்களுக்கு வாயில்லை. ஐம்பது ரூபாய்க்கு ஏன் ஓட்டவில்லை என்று எந்த முகத்தோடு அவரைக் கேட்பீர்கள்?

மாமாவுக்கு வைத்தியம் நடக்கிறது. அதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். வெளியே எடுத்துவைத்திருந்த பணம் ஆட்டோவிலேயே கரைந்துவிட்டதால், ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் இடத்தில் அத்தை பையின் அடியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்க்க வேண்டியிருந்தது. நான் தருகிறேன் என்றதற்கு, "ஒனக்கு வேற செலவு இருக்கும்ல" என்று தடுத்துவிட்டார். பட்டணத்துக்கு வந்து போவதென்றால் இப்படித்தான் என்று இருவருமே முடிவுகட்டி விட்டார்கள். உங்கள் மேல் அவர்களுக்குக் கோபமே இல்லை. உங்களைப் போல் ஒருவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன். இன்றைய விலைவாசிக்குக் கட்டுகிற மாதிரி ஒரு கட்டணத்தை வையுங்கள். எழுபதோ எண்பதோ, கொடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துங்கள். பிறகு மீட்டர் போடாதவரைப் பிடியுங்கள், நாங்களே சாட்சி சொல்ல வருகிறோம். முடியாது என்றால் அந்த 2013ஆம் ஆண்டு அரசாணையையாவது ரத்து செய்துவிடுங்கள். அரசு நிர்ணயித்த கட்டணம் என்று ஒன்று இருப்பதாக நினைத்து ஏமாறாமலாவது இருப்போம்.

மாமாவை அடுத்து வரச் சொல்லியிருப்பது செப்டம்பரில். அதே பொதிகையில்தான் வருகிறார்கள். அதற்குள் உங்களால் கையெழுத்துப் போட முடியவில்லையென்றால், அரசாணையின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்குக் காலையில் எழும்பூருக்கு வாருங்கள். வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள், கார் வேண்டாம். நீங்களே ஓர் ஆட்டோவை நிறுத்தி, ராயப்பேட்டைக்கு மீட்டர் போட்டு வரச் சொல்லி, அவர்களை ஏற்றிவிடுங்கள் பார்ப்போம்.