ஆட்டின் மீது திடீர்ப் பாசம்!



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் போதும். வருடமெல்லாம் ஆட்டைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்காதவர்களுக்குத் திடீரென்று ஆட்டின் மீது பாசம் பொங்கி வழிகிறது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுக்கிறார்கள். நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். தீபாவளியன்று விடியற்காலையில் இதே சென்னையில் கறிக்கடைகளின் முன் நிற்கும் நீண்ட வரிசை மட்டும் இவர்கள் கண்ணில் படுவதேயில்லை!

இந்தப் பாசம் அசல்தானா? கொஞ்சம் உரசிப் பார்ப்போம். அதே உரைகல்லில் நம்மையும் உரசிப் பார்ப்போம். தராசை அடுத்தவனுக்கு மட்டும் பிடிப்பது நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த நீதியில்லை.

மிருதங்கம் எதனால் ஆனது?

மார்கழி பிறந்தால் மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி களை கட்டுகிறது. மிருதங்கம் இல்லாமல் கச்சேரி இல்லை. அந்த மிருதங்கம் மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் சேர்ந்து உருவாவது. அந்தத் தோலைத் தேடி எடுத்து, பதம் பார்த்து, இழுத்துக் கட்டுகிற வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டு விழா கலாக்ஷேத்ராவில் நடப்பதாக இருந்தது. அரங்கத்திற்கு அனுமதியும் கொடுத்திருந்தார்கள். பிறகு, புத்தகத்தில் அரசியல் வாடை அடிக்கிறது, சர்ச்சை இருக்கிறது என்று சொல்லி அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். விழா தரமணியிலுள்ள பத்திரிகையியல் கல்லூரியில் நடந்தது.

மாட்டுத் தோல் மேடை ஏறலாம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் புத்தகம் மேடை ஏறக் கூடாது! இது என்ன நியாயம்?

அப்படியே தி.நகருக்கு வாருங்கள். பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக் கடைகள். கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும்போதே வெந்நீரிலும் நீராவியிலும் இட்டுக் கொன்றுதான் இழை எடுக்கிறார்கள். ஒரு பட்டுச் சேலைக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள்! காஞ்சி சங்கராச்சாரியாராக இருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதற்காகவே பட்டைத் தவிர்க்கச் சொன்னார். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் எத்தனை வீடுகளில் அந்தச் சொல் எடுபட்டது? கல்யாணமென்றால் முதல் வேலை பட்டெடுப்பதுதானே!

பட்டைத் தடை செய், மிருதங்கத்தைத் தடை செய் என்று நாம் கோரவில்லை. அந்தத் தொழில்களில் கஞ்சி குடிப்பவர்கள் ஏழைகள். நம் கேள்வி ஒன்றுதான். புழுவுக்கும் மாட்டுக்கும் வராத கண்ணீர், முஸ்லிம் வீட்டு வாசலில் ஆடு கட்டியிருந்தால் மட்டும் ஏன் வருகிறது?

அடையாறு தந்த சட்டம்

பிராணிகள் மீதான இரக்கத்தைக் கேலி செய்வது நம் நோக்கமில்லை. உண்மையாகவே இரங்கியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மணி தேவி அருண்டேல் அவர்களில் ஒருவர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகள் வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அந்த முயற்சியின் விளைவுதான் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும் வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

அவர் புலால் உண்ணாதவர். ஆனாலும் அந்தச் சட்டத்தில் 28ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு சமுதாயத்தின் மதம் கோரும் முறையில் பிராணியை அறுப்பது இச்சட்டப்படி குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. குர்பானியே சட்டவிரோதம் என்று கூச்சல் போடுபவர்கள் இதைப் படித்ததுண்டா?

அதே சட்டத்தின் பெயரால் 2017 மே மாதம் மத்திய அரசு என்ன செய்தது? சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று விதி போட்டது. அதை எதிர்த்துச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தினார்கள். அதில் கலந்து கொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வளாகத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார். கண்ணில் பலத்த காயம். மாட்டுக்காக உருகியவர்கள் மனிதனின் கண்ணைப் பதம் பார்த்தார்கள்! உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதை உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

நம் வாசலுக்கு வருவோம்

சகோதரர்களே! இதுவரை படித்துவிட்டுத் தலையாட்டினீர்கள். இனி சொல்வதற்கும் தலையாட்டுங்கள்.

28ஆம் பிரிவு நமக்குக் கேடயம் என்கிறோம். அது எதைக் காக்கிறது? மார்க்கம் கோரும் முறையை! அந்த முறை எது?

அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளுங்கள், கத்தியைக் கூர்மையாக்கிப் பிராணிக்குச் சிரமத்தைக் குறையுங்கள் என்று கட்டளையிட்டார்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). ஆட்டைக் கீழே கிடத்திவிட்டு அதன் கண்ணெதிரே கத்தி தீட்டியவரை, இதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று கண்டித்தார்கள் (ஹாகிம்). பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்றும், தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்றும் அறிவித்தார்கள் (புகாரி). ஒரு பிராணியின் முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று அறுப்புக் கூடங்களுக்கு இந்திய அரசு விதி எழுதியது 2001இல். நமக்கு இந்த இரக்கம் கற்பிக்கப்பட்டது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்!

கற்றதை என்ன செய்தோம்? இராயப்பேட்டையிலும் மீர்சாகிப்பேட்டையிலும் பெருநாள் காலையில் ஒரு சுற்று வாருங்கள். நான்கு கால்களையும் கட்டி ஆட்டோவில் திணித்துக் கொண்டுவந்த ஆடுகள். மொட்டை மாடி வெயிலில் தண்ணீரின்றிக் கட்டிக் கிடந்த ஆடுகள். ஒன்றின் இரத்தத்தில் இன்னொன்றை நிறுத்தி வரிசையாக அறுப்பு. வருடத்திற்கு ஒருநாள் கத்தி பிடிக்கும் கை. துடிப்பு அடங்கும் முன்பே தோலுரிக்கும் அவசரம். பிறகு குடலும் கழிவும் தெருமுனைக் குப்பைத் தொட்டியில்! நாய்கள் கூடுகின்றன. இரவில் அதே தெருவில் நம் பிள்ளைகளையே துரத்துகின்றன. அப்போது மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

நானும் இதில் பங்காளிதான். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நான்கு ஆடுகளை ஒரே இடத்தில் நிறுத்தி, அறுத்துத் தரச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எதையும் கேட்காமல் அறுத்தேன். அந்த வீட்டுச் சிறுவன், "ஹஜ்ரத், மத்த ஆடெல்லாம் பாத்துக்கிட்டிருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டான். மதரஸாவில் அந்த ஹதீஸை அரபியில் மனனம் செய்தவன் நான். பதில் சொல்ல நாவு எழவில்லை.

இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்று குர்ஆன் சொல்கிறது (22:37). துடிக்கத் துடிக்க வதைத்த ஆட்டில் எந்த இறையச்சம் சென்றடையும்?

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே கூட வேண்டும். மஹல்லாவுக்கு ஓர் இடம், அதில் அறுக்கும் இடத்தை மறைத்துத் திரை, தேர்ந்த அறுப்பாளர், ஆட்டுக்கு நிழல், தண்ணீர், தீவனம், கழிவை அன்றன்றே அள்ள வண்டி. கால் கட்டி வரும் ஆட்டை வாங்க மாட்டோம் என்று வியாபாரியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு கோரிக்கை. இத்தனை பெரிய நகரத்தின் தென் பகுதிக்குச் சைதாப்பேட்டை அறுப்புக் கூடம் ஒன்று போதுமா? 2016இல் ஒட்டகக் குர்பானியை உயர்நீதிமன்றம் தடுத்தபோது, அதற்கான கூடம் தமிழகத்தில் இல்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இடத்தைத் தராமலே இடமில்லை என்று தடுப்பது நியாயமா? பெருநாள் நாட்களுக்குத் தற்காலிகக் கூடங்களையும் கால்நடை மருத்துவர்களையும் ஏற்பாடு செய்யுங்கள். வரி கட்டும் குடிமக்களாகக் கேட்கிறோம், சலுகையாகக் கேட்கவில்லை.

திடீர்ப் பாசக்காரர்களுக்குப் பதில் சொல்ல மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். இந்தப் பெருநாளில் நம் தெரு சுத்தமாக இருக்கட்டும். நம் ஆடு ஒரே ஒரு முறை மட்டும் சாகட்டும். நாளை மறுமையில் அந்த ஆடு நமக்கு எதிராக முறையிடாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!