வாசனைக்குச் சாட்சி தேவை

கோடைக்காலம் தொடங்கிவிட்டால் புணே மார்க்கெட் யார்டில் அல்போன்சா மாம்பழப் பெட்டிகள் வந்து குவிகின்றன. பெட்டியின் மீது 'ரத்னகிரி' அல்லது 'தேவ்கட்' என்று எழுதியிருந்தால் விலையே வேறு. கர்நாடகத்தில் விளைந்த அதே ரகப் பழங்கள் இந்தப் பெயர்களில் விற்கப்படுவதாக ஆண்டுதோறும் புகார் எழுகிறது. கர்நாடகப் பழம் மட்டம் என்பதல்ல பிரச்னை. ஊர்ப் பெயரை மாற்றி விற்பதுதான் மோசடி. இதனால் நுகர்வோர் மட்டுமல்ல, இரு மாநில விவசாயிகளும் ஏமாற்றப்படுகின்றனர்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. நாடாளுமன்றம் 1999-ல் நிறைவேற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்தது. போலியாகப் பெயரைப் பயன்படுத்துவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க அது வகை செய்தது. கொங்கண் பகுதியின் 5 மாவட்டங்களில் விளையும் அல்போன்சாவுக்கு 2018-ல் குறியீடும் கிடைத்தது. ஆனால், பழத்தை அறுத்து மோந்து பார்ப்பவரின் மூக்கை நீதிமன்றம் சாட்சியாக ஏற்குமா?

அந்தச் சாட்சியைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1950-ல் பிரதமர் நேரு திறந்து வைத்த தேசிய வேதியியல் ஆய்வகம் அதே புணே நகரில்தான் இருக்கிறது. அல்போன்சாவின் மணத்துக்குக் காரணமான ஆவியாகும் சேர்மங்களை அதன் விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கண்டுள்ளனர். காயில் டெர்பீன்களே மிகுந்திருக்கின்றன; பழுக்கும்போது லாக்டோன்களும் ஃபியூரனோன்களும் சேர்கின்றன. விளையும் இடத்துக்கேற்ப இவற்றின் அளவு மாறுவதையும் அவர்கள் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டனர்.

சந்தைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். அது தேவையில்லை. கொங்கண் பகுதிக்குள்ளேயே மணம் மாறுபடுகிறது என்பதால், ஒரே ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. பல ஊர்களில், பல பருவங்களில் மாதிரிகளைச் சேகரித்து, அரசே ஒரு தரவுத் தொகுப்பை உருவாக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய சரக்கை மட்டும் அதனுடன் ஒப்பிட்டால் போதும். ஆலிவ் எண்ணெயின் கலப்படத்தைக் கண்டறிய, அதன் வேதிக்கூறுகளுக்கான வரம்புகளையும் பரிசோதனை முறைகளையும் ஐரோப்பிய நாடுகள் 1991-லேயே விதிகளாக்கிவிட்டன.

இது மகாராஷ்டிரத்தின் கவலை மட்டுமல்ல. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளின் தரத்தைக் குர்குமின் அளவைக் கொண்டு மதிப்பிடும் வணிகத்தில், வேறு ஊர் மஞ்சள் ஈரோட்டின் பெயரில் போனால் நஷ்டம் நம் விவசாயிக்குத்தான்.

குறியீடு வழங்கும் பதிவகம் சென்னையில் இருக்கிறது. சேர்மங்களைக் கண்டறியும் ஆய்வகம் புணேயில் இருக்கிறது. முன்னது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழும், பின்னது அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழும் வருகின்றன. இரண்டையும் இணைக்க வேண்டிய பொறுப்பு தில்லிக்கு உண்டு. அதுவரை புவிசார் குறியீடு பெட்டியின் மீது ஒட்டிய வெறும் காகிதமே!