பேசித் தீர்ப்பதும் பேசி மறைப்பதும்

இன நல்லிணக்கத்துக்காகப் 'பேசுவோம் வாருங்கள்' என்று அழைக்கும் நகரத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எதைப் பேசப்போகிறோம் என்பதே. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ, 1960இல் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து நடத்திய அறப்போராட்டத்தைப் பெருமையுடன் நினைவுகூரும் ஊர். அதே ஊரில்தான் 1979 நவம்பர் 3 அன்று, கு கிளக்ஸ் கிளானுக்கு எதிரான ஊர்வலத்துக்குத் திரண்டவர்களில் ஐவரைக் கிளான் கும்பலும் நாஜிகளும் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றனர். தொலைக்காட்சிக் கேமராக்கள் அதைப் படம்பிடித்தன. கும்பலின் வருகையை முன்னரே அறிந்திருந்த காவல்துறை அவ்விடத்தில் இல்லை. வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழுக்கள், 1980இலும் 1984இலும், குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தன.

2004இல் குடிமக்களே உண்மை, நல்லிணக்க ஆணையம் ஒன்றை அமைத்தனர். மறு ஆண்டு நகரமன்றம் அதை எதிர்த்து வாக்களித்தது: வெள்ளை உறுப்பினர் அறுவர் எதிர்ப்பு, கறுப்பின உறுப்பினர் மூவர் ஆதரவு. பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்போருக்கு ஒரு சொல்: புண் ஆறிவிட்டதா என்பதைச் சொல்ல வேண்டியவர் அடிபட்டவர்; வேடிக்கை பார்த்தவர் அல்லர்.

'வெறும் பேச்சால் என்ன பயன்?' என்பாரும் உளர். எவரையும் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரம்கூட அந்த ஆணையத்துக்கு இல்லை. எனினும் 2006இல் அது அறிக்கை அளித்தது. காவல்துறை முன்னறிந்தும் எச்சரிக்கவில்லை என்று ஏற்று, 2020இல் நகரமன்றம் மன்னிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. நாற்பத்தோராண்டுத் தாமதம்! குற்றத்தைப் பெயர் சொல்லி அழைக்காத நல்லிணக்கப் பேச்சு, அநீதிக்கு விரிக்கும் நடைபாவாடையே.