மளிகைக் கடையைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

கூட்டுறவு என்று வாயெடுத்தால் போதும், இடதுசாரி நண்பர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "மளிகைக் கடை வெச்சு முதலாளித்துவத்தை ஒழிக்கப் போறீங்களா?" ஆபீஸ் நண்பர்களின் சிரிப்பு வேறு ரகம். அவர்களுக்கு நினைவுக்கு வருவது ரேஷன் கடை வரிசையும் கொட்டாவி விடும் ஊழியரும். இரண்டு சிரிப்புக்கும் பதில் சொல்ல ஓர் ஆளைக் கூட்டி வருகிறேன்: ஃப்ரான்டிஷெக் லாடிஸ்லாவ் ஹ்லெபொராத். செக்காரர், சட்டம் படித்தவர்.

1868இல் ப்ராக் நகரத் தொழிலாளர்களுக்காக 'ஓவுல்' என்ற நுகர்வோர் சங்கத்தைத் தொடங்கியவர் இவர். ஓவுல் என்றால் தேன்கூடு. அடுத்த ஆண்டே பொருளியல் முழுவதற்கும் செக் மொழியில் ஒரு பாடநூல் எழுதினார். அந்த ஊரில் உயர்கல்வி பெரும்பாலும் ஜெர்மனில் நடந்த காலம் அது. பல்கலைக்கழகம் செக், ஜெர்மன் என்று இரண்டாகப் பிரிந்ததே 1882இல்தான். (செக் பொருளியலின் தந்தை என்ற நாற்காலி பின்னால் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பீன் ப்ராஃபுக்குப் போனது. நாற்காலிகள் அப்படித்தான் போகும்.)

அவர் திட்டம் எளிமையானது. மொத்தமாக வாங்கு, உறுப்பினருக்கு விற்று, மிச்சத்தைச் சேர்த்து வை. சேர்ந்த பணத்தில் பிற்பாடு சொந்தப் பட்டறை போடு. ஏன் கடையில் ஆரம்பிக்க வேண்டும்? கூலி கைக்கு வருமுன்பே கடைக்காரரின் கடன் நோட்டுக்குள் போய்விடுகிறது என்பதால். ஆலையில் ஒருமுறை, கல்லாவில் ஒருமுறை என்று தொழிலாளி இரண்டு முறை தோற்கிறான். கடன் நோட்டு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைப் பார்த்துச் சிரிப்பவர்களின் மூதாதை லசால். ஜெர்மனியில் சுய உதவிச் சங்கங்களைப் பரப்பிய ஷூல்ட்ஸ-டெலிட்ஷைக் கிழித்து 1864இல் ஒரு புத்தகமே போட்டார். கூலி எப்போதும் உயிர்வாழத் தேவையான அளவுக்கே இறங்கும், சோறு மலிவானால் கூலியும் மலிவாகும், ஆகவே அரசிடம் மூலதனம் கேட்டு உற்பத்திச் சங்கம் அமைப்பதே வழி என்பது லசாலின் கட்சி. கெட்டிக்கார வாதம்தான். ஆனால் ப்ராகில் நின்று யோசித்துப் பாருங்கள். எந்த அரசிடம் கேட்பது? வியன்னாவிடமா? கூடிக் கூலி உயர்வு கேட்பதையே குற்றமாக வைத்திருந்த அரசு அது. அந்தத் தடை 1870 ஏப்ரலில்தான் நீங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்பு, வடக்கு பொஹீமியாவில் சுவாரோவ் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த ஜவுளித் தொழிலாளர்கள்மீது சிப்பாய்கள் சுட்டதில் உயிர்கள் போயின. பூட்டினவனிடமே போய்ச் சாவி கேள் என்றால் எப்படி?

ஹ்லெபொராத் ஜெயித்தார் என்று நான் சொல்லவில்லை. சேமித்தே கூலி அடிமைத்தனத்திலிருந்து வெளியேறலாம் என்று அவர் நம்பியது தவறு. போதாத கூலியில் எதை மிச்சம் பிடிப்பது? ஓவுல் சில ஆண்டுகளில் நொடித்தது, அவர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். சரி. ஆனால் அந்தக் கடையை நடத்த என்னவெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். கூட்டம் போட வேண்டும், தீர்மானத்தை எழுத வேண்டும், பொருளாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கணக்கு இடித்தால் அவரை எழுப்பிக் கேட்க வேண்டும். நாட்டின் தேர்தலில் ஓட்டே இல்லாதவனுக்குச் சங்கத்தில் ஓட்டு இருந்தது. 1878 ஏப்ரல் 7 அன்று ப்ராகை ஒட்டிய ப்ரெவ்னோவில், ஒரு மதுக்கூடத்தில் கூடிச் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பத்து வருஷமாகச் சங்கங்களில் கூட்டம் நடத்திப் பழகிய தலைமுறை அது.

இனி ரேஷன் கடைச் சிரிப்பு. கூட்டுறவு என்ற யோசனை சென்னை மாகாணத்துக்கும் ஜெர்மன் வழியிலிருந்துதான் வந்தது, ஆனால் யார் கையில் வந்தது என்று பாருங்கள். மாகாண அரசு அனுப்பி ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பா போய்ப் படித்துவிட்டு வந்தார். அவர் அறிக்கை 1895, 1897இல் வெளியானது, 1904இல் சட்டம் வந்தது. சட்டத்தோடு பதிவாளரும் வந்தார். அவர் இன்னும் போகவில்லை. தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் வருஷக்கணக்கில் சங்கங்களை ஆண்டதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கொட்டாவிக்குப் பதிவாளரைக் கேளுங்கள், தேன்கூட்டை ஏன் கேட்கிறீர்கள்?

என் துறையில் இந்த விஷயமே தலைகீழாக ஓடுகிறது. "ஓனர் மாதிரி யோசிங்க" என்பார்கள். ஈசாப் கொடுப்பார்கள். கதை எழுதினவர் இல்லை, ஊழியருக்கான பங்கு. ஆனால் கதைதான். இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் கூட்டுறவுக் கடை போட்டவர்கள் பத்து வருஷம் கழித்து ஒரு நூற்பாலையும் தொடங்கினார்கள், தொழிலாளிக்கும் லாபத்தில் பங்கு என்ற விதியோடு. ஆலை நன்றாக ஓடியது. ஓடியதால் அங்கே வேலை பார்க்காத பங்குதாரர்கள் வந்து குவிந்தார்கள். 1862இல் அவர்களே பெரும்பான்மையாகி, தொழிலாளியின் பங்கை நிறுத்தினார்கள். எந்த வில்லனும் தேவைப்படவில்லை. ஓட்டெடுப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

எங்களுக்கு அந்த ஓட்டெடுப்புகூடக் கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் எல்லோரும் ஓனர்கள். ஆட்குறைப்புப் பட்டியல் தயாரானபோது அந்த ஓனர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.