பாடும் நாவும் பகிரும் இருக்கையும்

கொழும்பு மாநகரில் ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் கிருலப்பனை, பல மொழியினரும் பல சமயத்தவரும் நெருங்கி வாழும் பகுதியாகும். மதில் ஒன்றே இடைநிற்கும் வீடுகளில் ஒருவர் பாடும் பாட்டு மற்றவர் செவியில் விழாதிருத்தல் அரிது. அங்கே கிறித்தவன் பாடும் துதி இறைவனுக்கு மட்டுமன்றி அயலவனுக்கும் கேட்கின்றது. அவ்வயலவன் பாட்டைக் கேட்பதோடு நில்லாது, பாடுவோனின் நடத்தையையும் காண்கின்றான். பாட்டினால் இறைவனை மெய்யாக வழிபடுதல் யாது என ஆராயப் புகுவோர் இவ்வயலவனை மறந்துவிடலாகாது.

ஆயின், கொழும்புத் தமிழ்க் கிறித்தவரிடையே நிகழும் வாதமோ வேறொன்று பற்றியது. கீர்த்தனையா, புதுப்பாட்டா என்பதே அது. இராகமும் தாளமும் அமைந்த பழம்பாடல்களே பக்தியுடையன, மின்னிசைக் கருவிகளோடு வருவன வெறும் ஆரவாரம் என்பர் ஒரு சாரார். கண்ணீரும் கரவொலியும் இல்லாத பாட்டு உயிரற்ற சடங்கு என்பர் மறு சாரார். இரு சாராரும் இழைப்பது ஒரே தவறு. பாட்டின் வடிவத்தையோ பாடும்போது எழும் உணர்ச்சியையோ பாடுவோன் உள்ளத்துக்கு அளவுகோலாகக் கொள்வதே அத்தவறு.

பழமை பக்திக்குச் சான்று எனின், கீர்த்தனையே அச்சோதனையில் தோற்றுவிடும். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளை அவற்றின் மெட்டிலேயே தமிழிற் பாடுவித்தனர். பின்னர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கருநாடக இசையிலும் குறவஞ்சி முதலாய தமிழ் வடிவங்களிலும் கிறித்துவைப் பாடியபோது, மிஷனரிமார் சிலர் அப்பாடல்களை ஆலயத்துக்கு ஒவ்வாதன என விலக்க முற்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அமெரிக்க மிஷனரிமார் 1834 இல் தொடங்கிய மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853 இல் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963 டிசம்பர் 4 இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில், அவ்வம்மக்களின் மரபிசைக்கு உரிய இடம் அளிக்கப்படல் வேண்டும் என்றது. இன்று மரபெனப் போற்றப்படுவது அன்று புதுமையென ஒதுக்கப்பட்டதே.

அவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கீர்த்தனைக் கட்சியினர் அதனை எடுத்துப் பேசுவதில்லை. தம் பாடல்களை விலக்கியோரைச் சாஸ்திரியார் எதிர்த்தமை நியாயமே. ஆனால், ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் வழக்கத்தை அம்மிஷனரிமார் ஒழிக்க முயன்றபோது அதனையும் அவர் எதிர்த்தார். 1820களின் இறுதியில் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதவும் செய்தார். உருகிப் பாடிய அதே நா, உடனிருந்து பாட வந்தவனைத் தள்ளியிருக்கச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து மிஷன்களும் இருக்கையும் பந்தியும் பற்றிய இத்தகைய பிணக்குகளைக் கண்டன. இதனால் சாஸ்திரியாரின் பக்தி பொய் என முடிவுகட்டுதல் பொருந்தாது. பாட்டின் இனிமையும் பாடுவோனின் உருக்கமும் மெய்வழிபாட்டுக்குப் போதிய சான்றாகா என்பதே இங்குப் பெறப்படும் முடிபு.

இம்முடிபு புதுப்பாட்டுக் கட்சியினரையும் விட்டுவைப்பதன்று. நீதி செய்யாதார் பாடும் பாட்டை இறைவன் வெறும் இரைச்சலாகவே கொள்வான் என ஆமோஸ் தீர்க்கதரிசி எச்சரித்தார். பாடப்படும் பொருளினும் பாடும் குரலே தம்மை மிகுதியாக உருக்குமாயின் அது குற்றமே எனப் புனித அகுஸ்தீனார் தம்மைத் தாமே கடிந்துகொண்டார். மேடையிற் சிலர் பாட, ஒலிபெருக்கி சபையின் குரலை விழுங்க, ஏனையோர் கேட்டு நிற்பாராயின், அங்கு வழிபடுவோர் இல்லை, அவையோரே உளர். பாடகனின் கண்ணீர் பார்ப்போனின் வழிபாடு ஆகாது.

பவுல் அடிகள் கொரிந்தியருக்கு எழுதுகையில் ஆவியோடு பாடுதலையும் கருத்தோடு பாடுதலையும் பிரிக்காது வைத்தார். கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்கும் தமிழ்ச் சிறுவன், ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதிய தமிழ்ப் பாட்டைப் பொருள் அறியாது ஒப்புவிப்பானாயின், அவன் ஓசையை மட்டுமே காணிக்கையாக்குகின்றான். வடசொல் மலிந்த கீர்த்தனையை மனனஞ்செய்து பாடும் முதியவர் நிலையும் இதனின் வேறன்று. குற்றம் சிறுவனுடையதன்று, பாடுமுன் பொருளுரைக்கச் சில நிமிடங்களும் ஒதுக்காத சபையினுடையதே.

உள்ளத்தை இறைவன் ஒருவனே அறிவான், பிறர் வழிபாட்டை அளக்க எவருக்கு உரிமையுண்டு எனச் சிலர் வினவுவர். தனிமனிதர் உள்ளத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரியே. ஆயின் சபையின் வழிபாடு மறைபொருளன்று. பாடுவது விளங்குகின்றதா, எல்லோரும் பாடுகின்றனரா, கூலித்தொழிலாளிக்கும் கால்வாயோரக் குடிசையில் வாழும் தாய்க்கும் முன்னிருக்கையில் இடமுண்டா என்பன கண்ணுக்குப் புலனாவன. அன்பைப் பாடிய பின், சீதனம் பேசுகையிற் சாதி விசாரிப்பதும், வீட்டுவேலைக்கு வந்த பெண்ணின் கூலியைக் குறைப்பதும் அத்தகையனவே.

ஆதலின், எந்த இசையைக் கொள்வது என்னும் வழக்கை ஒவ்வொரு சபையும் தன் விருப்பின்படி தீர்த்துக்கொள்ளட்டும். மிருதங்கமும் கிற்றாரும் இறைவன் சந்நிதியில் ஒன்றே. அருகில் அமர்ந்திருப்பவனைச் சகோதரன் என ஏற்க மறுக்கும் வாய், எந்த இராகத்திற் பாடினும் அபசுரமே பாடுகின்றது. அவ்வபசுரத்தைத் திருத்த வல்லது மனமாற்றம் ஒன்றே. அதற்கு ஈடாகும் வாத்தியம் எதுவும் இல்லை.